ஜரிகைக்குத் தராசு, போர்டுக்குக் கோணிப்பை

காஞ்சிபுரத்துக்காரரிடம் பழைய பட்டுப்புடவையை அடிமாட்டு விலைக்கு வாங்குவது எளிதல்ல. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு தேறும், மெஷினில் வைத்துப் பார்த்தாயிற்றா, பக்கத்துக் கடையில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டு முடிக்காமல் புடவை கைமாறாது. அதே வீட்டில் ஓடாத டிவியும், ஊதிப்போன பேட்டரியோடு ஒரு செல்போனும், திரை உடைந்த லேப்டாப்பும் கிடந்தால் பேச்சே வேறு. காயலான் கடை வண்டி தெருவில் கூவியதும், "எடுத்துட்டுப் போப்பா, இடம் காலியானா போதும்." எங்கே போகிறது, யார் பிரிக்கிறார்கள், உள்ளே என்ன இருந்தது என்று ஒரு கேள்வி கிடையாது.

ஒரு டன் பழைய செல்போனில் சுமார் 300 கிராம் தங்கம் இருக்கும். சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது சில கிராம்தான். ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பதைப் பார்த்தே வளர்ந்த ஊருக்கு, உலோகம் இருக்கும் இடத்தில் நெருப்பு வைப்பது பழகிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஜரிகைக்குப் பொருந்தும் நெருப்பு ஒயருக்குப் பொருந்தாது. பிவிசி உறையோடு செம்புக் கம்பியை எரித்தால் டயாக்சின் என்ற நச்சு கிளம்பும். சர்க்யூட் போர்டை அடுப்பில் வாட்டினால் ஈயப் புகை வரும். தங்கத்துக்காக ஆசிட்டில் ஊறவைத்தால், மீந்த ஆசிட் சாக்கடைக்குத்தான் போகும்.

டிவி கதை இன்னும் மோசம். 2006இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் தமிழகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கலர் டிவிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. எல்லாம் பிக்சர் டியூப் டிவி. கொடுக்கும்போது விழா எடுத்தார்கள். திரும்ப வாங்க ஒரு ஏற்பாடும் இல்லை. இன்று அவை பரணிலிருந்து இறங்கி வருகின்றன. காயலான் கடையில் சுத்தியலால் ஒரே போடு. டியூபின் கழுத்தில் இருக்கும் செம்புக் காயிலைக் கழற்றிக்கொண்டு, ஈயம் கலந்த கண்ணாடியைக் குப்பையோடு குப்பையாகக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது. மழை வந்தால் அந்தக் குப்பை மஞ்சள் நீர்க் கால்வாய்க்குப் போகிறதா, வேகவதிக்குப் போகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? தவிர, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். வீட்டில் டிவியின் பின்மூடியைத் திறக்கவே கூடாது.

முறையான ஆலையில் சுத்தியல் கடைசியில்தான் வரும். ஒரே வகை, ஒரே மாடல் பொருள்களை ஒன்றாகச் சேர்ப்பது முதல் வேலை. பத்து பிரிண்டரை வரிசையாகப் பிரித்தால் எந்த ஸ்க்ரூ எங்கே என்று கைக்கு மனப்பாடமாகிவிடும்; நேரமும் மிஞ்சும். அடுத்து பேட்டரி, பெரிய கண்டென்சர், பாதரசம் உள்ள விளக்கு என ஆபத்தானவை தனித்தனியே வெளியே வரும். அதற்குப் பிறகே ஒயர், இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக். போர்டு நொறுங்காமல் முழுசாக வரவேண்டும்; நொறுங்கினால் தங்கம் தூசியோடு போய்விடும். மூக்குக்கும் கைக்கும் கவசம் இல்லாமல், புகை உறிஞ்சும் வசதி இல்லாமல், தெருவோரம் உட்கார்ந்து செய்கிற வேலை அல்ல இது.

வீட்டுக்காரரும் கடைக்காரரும் செய்யவேண்டியது அதற்கு முன்னால் இருக்கிறது. முதலில் உள்ளே இருக்கும் தகவல். போனில் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுமையாக ரீசெட் செய்யவேண்டும். கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்தால் போதும் என்று நம்புவது தவறு. அழித்ததை மீட்டெடுக்க மென்பொருள் தாராளமாகக் கிடைக்கிறது. காந்தி ரோடு பட்டுக்கடைகளின் பழைய கம்ப்யூட்டர்களில் வாடிக்கையாளர் விலாசமும் கல்யாணத் தேதியும் இருக்கும். எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு டிசைன் போடுகிறவரின் கம்ப்யூட்டரிலோ பல வருட உழைப்பே உட்கார்ந்திருக்கும். பார்டர் டிசைனைப் பக்கத்துத் தறிக்காரர் பார்த்துவிடுவாரோ என்று திரை போட்டு மறைக்கிறவர், ஹார்டு டிஸ்கைக் கழற்றாமல் கிலோ கணக்கில் எடை போடுவதை என்னவென்று சொல்ல? அதைக் கழற்றித் தனியே வைத்துக்கொண்டு, அதன் தட்டில் துளை போட்ட பிறகே கொடுக்கவேண்டும்.

அடுத்து, யாரிடம் கொடுப்பது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022இன்படி மறுசுழற்சி ஆலைகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். அங்கே மாநில வாரியாகப் பட்டியல் உண்டு. பொருளைத் தயாரித்த கம்பெனிக்கும் பொறுப்பு இருக்கிறது. பழையதை எங்கே ஒப்படைப்பது என்று அதனிடமும் கேட்கலாம். யுபிஎஸ், இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தனி விதிகள். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ரசீது இல்லாமல் எதையும் கொடுக்கவே கூடாது. அதில் வாங்குபவரின் வாரியப் பதிவு எண், தேதி, பொருளின் பெயர், சீரியல் நம்பர், எடை ஆகியவை இருக்கவேண்டும். கம்ப்யூட்டர் என்றால் தகவல் அழிப்புச் சான்றிதழும் கேட்டு வாங்கவேண்டும். வண்டியில் வந்தவர் துண்டுச் சீட்டில் 'பழைய சாமான்' என்று கிறுக்கித் தருவது ரசீது ஆகாது.

சட்டத்தின் ஓட்டையையும் சொல்லவேண்டும். ஒரு வருடத்தில் ஆயிரம் கருவிகளாவது பயன்படுத்தும் நிறுவனத்தைத்தான் விதிகள் 'மொத்த நுகர்வோர்' என்று பிடிக்கின்றன. நுண் தொழில்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். ஆக ஜவுளிக்கடையும் கூட்டுறவுச் சங்கமும் கேள்விக்கு அப்பால். சங்கங்களும் அரசு அலுவலகங்களும் கழிவு செய்த கம்ப்யூட்டர்களை ஏலம் விடும்போது, அதிக விலை கேட்டவருக்கே கொடுத்து ஃபைலை மூடிவிடலாம். 'பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் மட்டும்' என்று ஏல அறிவிப்பில் ஒரு வரி சேர்க்க எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்யத் தொடங்கியது. உலகத்துக்குப் போன் அனுப்பிய மாவட்டத்தில், செத்த போனை எங்கே கொடுப்பது என்று வார்டு ஊழியரைக் கேட்டால் அவர் குப்பை வண்டியைக் காட்டுகிறார். வீட்டு அபாயக் கழிவைப் பெற 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

அந்த மையம் எங்கே என்று கேட்கிற வழி இதுதான். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு. மாவட்டத்தில் அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைகள் எவை, சேகரிப்பு மையங்கள் எங்கே, ஒயர் எரிப்பதாக வந்த புகார்களில் எத்தனை இடத்தை ஆய்வு செய்தார்கள் என்று மூன்று கேள்வி போதும். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தெருவில் எரிப்பு நடந்தால் தேதி, நேரம், புகைப்படத்தோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதி, அதன் நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் அங்கிருந்தும் நகரக்கூடாது.