ஆயுர்வேதமும் அதன் உறவுமுறைகளும்

கல்முனை முதல் தெற்கே அக்கரைப்பற்று வரை நீளும் எமது கரையோர ஊர்களில், காய்ச்சல் கண்டவனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்காத வீடு அரிது. பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் பூண்டும் மஞ்சளும் அரைத்த சரக்குக் கறி. புண் உள்ளவனுக்குக் கிரந்தி என்று சில மீன்கள் விலக்கு. தமிழர் இல்லத்திலும் முஸ்லிம் இல்லத்திலும் இவ்வழக்கங்களைக் காணலாம். இவற்றைச் செய்வோர் பலர். இவற்றின் காரணத்தை வினவுவோர் சிலரே. காரணம் அறியாத வழக்கம் ஒன்றில் மூடநம்பிக்கையாக முடியும், அன்றேல் மறதியில் மறையும். இரண்டும் எமக்கு இழப்பே. ஆகவே அக்காரணத்தை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

‘ஆயுர்வேதம்’ என்பது ஆயுளைப் பற்றிய அறிவு எனப் பொருள்படும். சரகர், சுசுருதர், வாக்படர் ஆகிய மூவர் பெயரால் வழங்கும் நூல்களே இதற்கு முதன்மையானவை. நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐம்பூதங்களின் கூட்டால் உலகம் அமைந்தது போலவே உடலும் அமைந்தது என்பது இதன் முதற் கொள்கை. உடலில் இப்பூதங்கள் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றாகத் தொழிற்படும். அசைவும் மூச்சும் வாதத்தின் தொழில். செரித்தலும் உடற்சூடும் பித்தத்தின் தொழில். கட்டமைப்பும் நெய்ப்பும் கபத்தின் தொழில். உண்ட உணவு ‘அக்கினி’ எனப்படும் செரிமானத் தீயினாற் பக்குவப்பட்டு, சாரம், குருதி, தசை, கொழுப்பு, எலும்பு, மச்சை, சுக்கிலம் என ஏழு தாதுக்களாகும். எஞ்சியவை மலங்களாகக் கழியும். இவை யாவும் தத்தம் அளவில் நிற்பதே சுகம்; அளவு பிறழ்வதே நோய்.

இனி மருத்துவத்தின் விதி யாது? ஒத்தது ஒத்ததைப் பெருக்கும், மாறானது குறைக்கும் என்பதே அது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு ஆகிய சுவைகள் கபத்தை வளர்த்து வாதத்தைத் தணிக்கும். காரம், கைப்பு, துவர்ப்பு ஆகியவை கபத்தைத் தணித்து வாதத்தை வளர்க்கும். பித்தத்தைத் தணிப்பன இனிப்பும் கைப்பும் துவர்ப்புமாம். மகப்பேற்றின்பின் வாதம் ஓங்கி அக்கினி மந்தமாகும் எனக் கொண்டமையால், அத்தீயைத் தூண்டும் வெப்பப் பண்டங்கள் அவளுக்கு விதிக்கப்பட்டன. தாகத்தையும் காய்ச்சலையும் தணிப்பதென நூலோர் கொண்டமையால் கொத்தமல்லி குடிநீராயிற்று. எமது பெண்கள் சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பகுப்பதும் இவ்விதியின் எளிய வடிவமேயாம்.

இலங்கையின் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ‘ஆயுர்வேதம்’ என்னும் சொல்லுக்குள் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் அடக்கியது. இவ்வடக்கம் வெறும் நிருவாக வசதியன்று. அவற்றிடையே உறவும் உண்டு. சித்த வைத்தியம் அதே மூன்று குற்றங்களைத் தமிழில் வகுத்து, வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால் என நாடியில் அளந்தது. உலோகங்களையும் பாடாணங்களையும் மிகுதியாகக் கையாண்டது. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் ஈழத்துத் தமிழ் வைத்தியத்தின் சான்றுகள். யுனானி, பெயருக்கேற்பக் கிரேக்கரிடம் தோன்றி அரபு மொழியில் வளர்ந்தது. குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்களையும், அவற்றின் கலப்பாகிய ‘மிஸாஜ்’ என்னும் தன்மையையும் அது பேசும். எண் வேறாயினும் சமநிலையே நலம் என்னும் கருத்து ஒன்றே. அப்பாசியர் காலத்துப் பக்தாதில் சுசுருதரின் நூல் அரபுக்கு வந்தது. கி.பி. 850இல் அலீ அத்தபரீ நிறைவேற்றிய ‘பிர்தௌஸுல் ஹிக்மா’ இந்திய வைத்தியத்தைத் தனிப்பகுதியாகச் சுருக்கியுரைத்தது. அறிவு மதவரம்பு பாராமற் கடல் கடந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும், பழமை எனும் ஒன்றே உண்மைக்குச் சான்றாகாது. வாத பித்த கபங்கள் கருவியால் அளக்கத்தக்க பொருள்களல்ல. அவை முன்னோர் உடலை விளங்கிக்கொள்ள வகுத்த முறையேயாம். மருந்தின் பயனோ சோதனையால் நிறுவப்பட வேண்டும். சர்ப்பகந்தி என்னும் மூலிகை இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஆய்ந்து வெளியிட்டார். 1952இல் அதிலிருந்து ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. இது சோதனையில் வென்றது. மறுபுறம், இணையவழி விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர், ஏறக்குறைய ஐந்திலொரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக்கு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருக்கக் கண்டு 2008இல் வெளியிட்டனர். மூலிகை என்ற பெயரே தீங்கின்மைக்கு உறுதியாகாது என்பது இதனாற் புலனாகும்.

எமது வயற்காரர் வாழ்வில் இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகும். நாகமோ புடையனோ தீண்டியவனுக்கு நச்சுமுறிப்பு ஊசிமருந்துள்ள அரசினர் மருத்துவமனையே புகலிடம். விடவைத்தியரைத் தேடிக் கழியும் நேரம் நஞ்சுக்கே துணையாகும். இன்சுலின் ஏற்றும் நீரிழிவாளர் கஷாயத்தை நம்பி அதனை நிறுத்தலாகாது. நாட்டு மருந்து உண்போர் அதனைத் தம் வைத்தியரிடம் மறைத்தலும் ஆகாது.

அங்ஙனமாயின் ஆயுர்வேதம் எமக்கு எதற்கு? நோய் வருமுன் காக்கும் நெறிக்காக என்போம். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் பெயருடையதாயினும், அதன் பெரும்பகுதி உணவின் அளவையே வலியுறுத்துகின்றது. பசித்தபின் உண்ணல், செரிக்குமளவு உண்ணல், பருவத்திற்கேற்ப ஒழுகல் என்பன எக்காலத்துக்கும் ஏற்றவை. மருத்துவன், மருந்து, துணைநிற்போன், நோயாளி என்னும் நான்கும் செவ்வனே அமைந்தாலன்றிச் சிகிச்சை நிறைவுறாது எனச் சரகரும் வள்ளுவரும் ஒருங்கே கண்டனர். இன்றைய மருத்துவமனையிலும் இவ்வுண்மை மாறியதில்லை.

மாணவர்காள்! பரியாரிமாரின் வீடுகளில் வாகட ஏடுகள் இருப்பின் அவை செல்லரித்துப் போகுமுன் படியெடுத்துக் காப்பது உங்கள் முதற்கடன். அவற்றிற் கூறியவற்றை அஞ்சாது சோதித்து, மெய்யைக் கொண்டு பொய்யைத் தள்ளுவது இரண்டாங்கடன். முன்னதைச் செய்து பின்னதை விடுவோர் பழமைக்கு அடிமையாவர். பின்னதைப் பேசி முன்னதை விடுவோர்க்குச் சோதிக்க எதுவும் எஞ்சாது.