மடிக்கணினியின் எடையும் மத்திய அரசின் கொள்கையும்

புது தில்லி: 2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டங்களாக நடைபெற்றது. வட மாநிலங்களில் கோடை வெயில் உச்சத்தை எட்டிய அந்த ஆறு வாரங்கள், தலைவர்களின் பொதுக்கூட்டங்களைப் பின்தொடர்ந்த பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்குக் கடும் சோதனைக் காலமாக அமைந்தன. தோள்களில் கேமராக்கள், இடுப்பில் லென்ஸ் பை, முதுகில் மடிக்கணினி. தலைவர் மேடையை விட்டு இறங்கும் முன்பே படம் தலைமை அலுவலகத்தைச் சென்றடைய வேண்டும் என்பது இன்றைய எதிர்பார்ப்பு.

பிலிம் சுருள் காலத்தில் படம் கழுவும் இருட்டறை அலுவலகத்தில் இருந்தது. இன்று அந்த இருட்டறையைப் படக்காரரே சுமந்து செல்கிறார். படங்களைத் தேர்ந்தெடுப்பது, ஓரங்களை நறுக்குவது, வண்ணத்தைச் சரிசெய்வது, விளக்கம் எழுதி அனுப்புவது ஆகிய அனைத்தும் மடிக்கணினியில்தான் நடக்கின்றன. எந்த நிறுவனத்தையும் சாராமல், படத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுப் பணியாற்றுவோர் இக்கருவியைத் தம் கைப்பணத்தில்தான் வாங்க வேண்டும். ஒருமுறை தவறாகத் தேர்ந்தெடுத்தால் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அந்தத் தவற்றையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கும்.

ஓசை எங்கிருந்து வருகிறது?

தில்லி நேரு பிளேஸ் கணினிச் சந்தையில் மடிக்கணினி கேட்டுச் செல்பவர்களுக்கு முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் வேகம் மிகுந்த கருவிகளே. விளையாட்டுகளுக்கென வடிவமைக்கப்பட்ட இவை படத் திருத்தத்துக்கும் ஏற்றவை என்பது உண்மை. ஆனால் அவற்றின் எடை 2 கிலோவைத் தாண்டிவிடுகிறது. செங்கல் போன்ற மின்னேற்றியின் எடை தனி.

அவற்றின் ஓசையும் புறக்கணிக்கத்தக்கதன்று. பிராசஸர் எவ்வளவு மின்சாரத்தை உண்கிறதோ அவ்வளவும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றவே உள்ளே சிறு விசிறிகள் சுழல்கின்றன. மெல்லிய மடிக்கணினிகளுக்கான பிராசஸர்கள் 15 வாட் அளவை மையமாகக் கொண்டவை. வேகம் மிகுந்தவை 45 வாட்டும் அதற்கு மேலும் கோருபவை. வாட் கூடக்கூட விசிறியின் இரைச்சலும் கூடுகிறது. மின்கலமும் விரைவில் தீர்ந்துவிடுகிறது.

செய்தியாளர் கூட்டத்தின் பின்வரிசையில் தொலைக்காட்சி ஒலிவாங்கிகளுக்கு அருகே அமர்ந்திருக்கும்போதும், துக்க வீட்டின் திண்ணையிலும், நள்ளிரவு ரயில் பெட்டியில் சக பயணிகள் உறங்கும்போதும் அந்த இரைச்சல் எவ்வளவு இடையூறு என்பது அனுபவித்தவர்களுக்குப் புரியும். விசிறியின் துளைகள் வழியே புழுதியும் உள்ளே போகிறது. பேரணி மைதானங்களில் உழலும் கருவிக்கு இதுவும் ஒரு கேடு.

2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்1 சில்லுடன் வெளியிட்ட மேக்புக் ஏர், விசிறியே இல்லாமல் படத் திருத்தம் செய்ய இயலும் என்பதைக் காட்டியது. அதன் எடை 1.29 கிலோ, 2022-இல் வந்த எம்2 வகையின் எடை 1.24 கிலோ. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. முப்பது படங்களைச் செப்பனிட்டு அனுப்புவதில் சிக்கல் இல்லை. ஆயிரக்கணக்கான ரா கோப்புகளை ஒரே மூச்சில் மாற்ற முனைந்தால், வெப்பத்தைக் கட்டுப்படுத்தக் கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும், இது 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் இயக்குவதற்கே உரியது என்று நிறுவனமே கூறுகிறது. தில்லியின் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. எனவே நிழல் தேடி அமர்வதும் வேலையின் ஒரு பகுதியாகிறது.

விண்டோஸ் பழகியவர்களுக்குக் குறைந்த வாட் பிராசஸர் கொண்ட மெல்லிய கருவிகள் உள்ளன. 2024 முதல் ஸ்நாப்டிராகன் எக்ஸ் வகைச் சில்லுகள் கொண்டவையும் விற்பனைக்கு வந்துள்ளன. மின்கலம் நீண்ட நேரம் நீடிப்பது இவற்றின் சிறப்பு. எனினும், தம்மிடமுள்ள பழைய அச்சுப்பொறி போன்ற துணைக்கருவிகள் இவற்றோடு இயங்குமா என்று வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்வது நல்லது.

காவியும் சிவப்பும்

எடையையும் ஓசையையும் அடுத்துக் கவனிக்க வேண்டியது திரை. வண்ணங்களைக் காட்டும் திறனில் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற அளவை முழுமையாக எட்டாத திரையில் படத் திருத்தம் செய்வது, நிறம் காட்டும் கண்ணாடி அணிந்துகொண்டு துணி எடுப்பதற்கு ஒப்பாகும். விலை குறைந்த பல மடிக்கணினிகளின் திரைகள் இந்த அளவில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டுவதில்லை. அத்தகைய திரையில் வெளிறித் தெரியும் காவியைத் தூக்கிக் காட்ட முயன்றால், மறுநாள் பத்திரிகையில் அது சிவப்பாக அச்சாகக்கூடும். கட்சிக் கொடிகளின் நிறம் மாறுவது அரசியல் செய்தியில் சிறு பிழையாகக் கருதப்படுவதில்லை.

நினைவகத்தைப் பொறுத்தவரை, படத் திருத்தத்துக்கு 16 ஜி.பி. இன்று குறைந்தபட்சத் தேவை. மெல்லிய கருவிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட இயலாது. செயற்கை நுண்ணறிவு மையங்களின் பெருந்தேவையால் 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை வெகுவாக உயர்ந்தது. இன்று சிக்கனம் பார்த்து 8 ஜி.பி. வாங்குபவர், நாளை முழுக் கருவியையுமே மாற்ற நேரிடும்.

கடைக்குச் செல்பவர்கள் தம் நினைவக அட்டையில் ஐம்பது ரா கோப்புகளை எடுத்துச் சென்று, அங்கேயே மாற்றிப் பார்க்கலாம். பத்து நிமிடங்களுக்குப் பிறகு விசிறியின் ஓசை எப்படி இருக்கிறது, மடியில் வைத்தால் சுடுகிறதா என்று நேரிலேயே அறியலாம். தாம் எடுத்து நன்கு அச்சான படம் ஒன்றைத் திரைக்கு அருகில் வைத்து ஒப்பிடலாம். விளம்பரத் தாளில் கிடைக்காத விவரங்கள் இவை.

உரிமத்தின் நிழல்

ஆனால், கடையில் எந்தக் கருவி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அரசுக்கும் பங்குண்டு. இந்தியாவில் விற்பனையாகும் மடிக்கணினிகளில் பெரும்பகுதி, குறிப்பாகச் சீனாவிலிருந்து, இறக்குமதியாகிறவை. தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டின் கீழ் உலக வர்த்தக அமைப்பிடம் அளித்த உறுதிமொழியால் கணினிகள் மீது அடிப்படைச் சுங்க வரி விதிப்பதில்லை. வரி என்னும் ஆயுதம் கையில் இல்லாத நிலையில், உரிமம் என்னும் ஆயுதம் எடுக்கப்பட்டது.

2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, மடிக்கணினி, டேப்லெட் போன்றவற்றை இறக்குமதி செய்ய உரிமம் கட்டாயம் என வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் முன்னறிவிப்பின்றி ஆணையிட்டது. நாட்டின் பாதுகாப்பும் உள்நாட்டு உற்பத்தியும் காரணங்களாகக் கூறப்பட்டன. தொழில்துறையில் எழுந்த எதிர்ப்பால் மறுநாளே அந்த ஆணை அக்டோபர் 31 வரை ஒத்திவைக்கப்பட்டது. இறுதியில், இணையவழியில் விண்ணப்பித்து அனுமதி பெறும் முறை நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பர் வரை செல்லத்தக்கதாக இருந்த அனுமதிகள் பின்னர் அந்த ஆண்டு டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டன. கதவு மூடப்படவில்லை என்றாலும், தாழ்ப்பாள் அரசின் கையில் வந்துவிட்டது.

மறுபுறம், உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிக்க 2023 மே மாதம் ரூ. 17,000 கோடி ஒதுக்கீட்டில் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு நவம்பரில் டெல், எச்.பி., லெனோவோ, பாக்ஸ்கான் உள்ளிட்ட 27 நிறுவனங்கள் தேர்வாயின. அப்பட்டியலில் ஆப்பிள் இடம்பெறவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் ஆலை இயங்கி வருவதைத் தமிழக வாசகர்கள் அறிவர். ஆயினும் பிராசஸரும் திரையும் நினைவகமும் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன.

உள்நாட்டு உற்பத்தி பெருக வேண்டும் என்பதில் இரு வேறு கருத்து இருக்க முடியாது. ஆனால் அது எப்போது, எத்தகைய கருவிகளில் பெருகும் என்பது முக்கியம். அலுவலகங்களும் பள்ளிகளும் மொத்தமாக வாங்கும் சாதாரணக் கருவிகளே ஆலைகளுக்கு ஆதாயம் தருபவை. நல்ல திரையும் குறைந்த ஓசையும் கொண்ட இலகுவான கருவிகளை நாடுவோர் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். தட்டுப்பாடு ஏற்பட்டால் முதலில் பாதிக்கப்படுவோர் அவர்களே.

வெளிநாட்டிலிருந்து திரும்பும், 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியை வரியின்றிக் கொண்டுவரச் சுங்க விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் கடல் கடந்த உறவினர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உள்நாட்டில் வாங்குவோர் 18 சதவீத ஜி.எஸ்.டி. செலுத்துகின்றனர், 2025 செப்டம்பரில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் குளிர்சாதனக் கருவிகளுக்கும் வரி குறைந்தபோது மடிக்கணினிக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற நிறுவனம் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற வழியுண்டு. பதிவு பெறாத தனிப் படக்காரருக்கு அது முழுச் செலவு.

இறக்குமதிக்கு உரிமம் வழங்கும் அரசு, நுகர்வோருக்கு உரிய தகவலையும் கட்டாயமாக்கலாம். மின்னேற்றியுடன் சேர்த்த எடை, உழைக்கும்போது எழும் ஓசையின் டெசிபல் அளவு, திரையின் வண்ணத் திறன், நினைவகத்தை மாற்ற இயலுமா என்ற விவரம் ஆகியவற்றைப் பெட்டியின் மீதே அச்சிட வேண்டும் என ஆணையிடுவதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. ஆலை முதலாளிகளின் குரல் அமைச்சக அறைகளில் எளிதில் ஒலிக்கிறது. தம் கருவியைத் தாமே வாங்கி, அதைக் கொண்டே நாட்டின் முகத்தைப் படம்பிடித்து அனுப்புகிறவர்களின் கோரிக்கையும் அங்கே கேட்கப்பட வேண்டும்.