மீன் ஆயும்போது கேட்ட கேள்வி

எங்களுக்கு வில்லியனூர் கொம்யூனில் ஒரு கிராமம். நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். 2023-24ல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளுக்கு சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் வந்தபோது என் மகள் ஒன்பதாவது. அதுவரை தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான். புது அறிவியல் புத்தகத்தின் இங்கிலீஷ் அவளுக்குப் பிடிபடவேயில்லை. விடியற்காலை எழுந்து வரிவரியாக மனப்பாடம் செய்வாள். நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் போச்சு, அத்தனையும் போய்விடும். பத்தாவது காலாண்டில் 80க்கு 19 மார்க். "படிப்பு வேணாம்மா, தையலுக்குப் போறேன்" என்று அழுதாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்ந்து கொண்டிருந்தேன். திண்ணையில் இதயப் பாடத்தைக் கத்திக் கொண்டிருந்தாள். "எனக்கு இங்கிலீஷ் புரியலை, தமிழ்ல சொல்லு" என்றேன். ரத்தம் இரண்டு தடவை இதயத்துக்கு வருகிறது என்றாள். ஏன் ரெண்டு தடவை என்றதும் முழித்தாள். புத்தகத்தைத் திறந்து தேடிப் படித்தாள். ஒரு தடவை வலது பக்கம் வந்து நுரையீரலுக்கு, ஆக்சிஜனோடு இடது பக்கம் திரும்பி உடம்புக்கு. "உன் கையிலே இருக்கிற மீனுக்கு இதயத்தில் ரெண்டே அறைதாம்மா, ஒரே சுற்று!" என்று அவளே சிரித்தாள். அதை அவள் மறக்கவேயில்லை.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் சுருக்கமும் கேள்விகளும் இருக்கின்றன. முதலில் அதைப் பார்க்கணும். கேள்வியை மனசில் வைத்து ஒரு தலைப்பு மட்டும் படிக்கணும். புத்தகத்தை மூடிவிட்டு எனக்குச் சொல்லணும். திணறிய இடத்தை மட்டும் திரும்பப் படிக்கணும். மறுநாள் சமைக்கும்போது சும்மா கேட்பேன். எனக்குத் தெரியாததே நல்லதாகப் போச்சு, என்னிடம் ஒப்பேற்ற முடியாதே!

பக்கத்துத் தெரு டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். "இது புதுசில்லைம்மா. 1946லேயே அமெரிக்காவில் ராபின்சன் என்ற பேராசிரியர் இப்படித்தான் படிக்கச் சொல்லிப் புத்தகம் போட்டிருக்கார்" என்றார். போகட்டும், அவருக்கு மீன் ஆயத் தெரிந்திருக்காது!

அரையாண்டில் 47 வாங்கினாள். தையல் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. கணக்குக்கு மட்டும் இந்த வழி போதவில்லை. நோட்டில் போட்டுப் பார்த்தால்தான் வருகிறது, எனக்கோ அதில் பாதி தெரியாது. இப்போது சின்னவன் ஏழாவது. கணக்கில் பிள்ளையோடு உட்கார்ந்து ஜெயித்த சகோதரிகள் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, வில்லியனூர்.