சாயத்தொட்டியின் எண்

விடுமுறை நாளில் நூல் வாங்கப் போவதை இன்பப் பயணமாகக் கருதுவோரும் உலகில் உண்டு என்று நம் நெசவாள அங்கத்தினரிடம் கூறினால் அவர் நகைப்பார். அவருக்கு நூல் என்பது சங்கத்தில் பற்றெழுதி வாங்கும் சரக்கு. எடை குறைந்தால் வழக்கு. விலை ஏறினால் வயிற்றெரிச்சல். ஆயினும் மேல்நாடுகளில் கையால் பின்னல் வேலை செய்யும் மாதர் பலர், சனி ஞாயிறுகளில் தோழியருடன் கூடி, கம்பளி நூல் கிடைக்கும் ஊர்களை நாடிச் செல்கின்றனர். அத்தகைய பயணம் ஒன்றைப் பற்றி நாம் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறோம். வேடிக்கைக்காகக் கேட்கத் தொடங்கிய நாம், முடிவில் எம் தணிக்கைப் புத்தகத்தைத் தேடி எடுக்க நேர்ந்தது.

எம் கல்லூரித் தோழர் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டின் அபர்தீன் நகரில் பணிபுரிகிறார். சென்ற பொங்கலுக்கு அவரும் அவர் துணைவியாரும் ஊருக்கு வந்திருந்தனர். அம்மையார் அங்கே அண்டை வீட்டாரிடம் பின்னல் கற்றவர். தோழியர் மூவருடன் அவர் ஷெட்லாந்துத் தீவுகளுக்குச் சென்று வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை அபர்தீன் துறைமுகத்தில் கப்பலேறினால் சனிக்கிழமை காலை லெர்விக் என்னும் ஊரில் இறங்கலாம். ஞாயிறு மாலை மீண்டும் கப்பல். இரண்டு இரவு கடலில், இரண்டு பகல் கரையில். கப்பலில் நால்வரும் உறங்கினார்களோ இல்லையோ, ஊசியும் கையுமாகவே இருந்தார்களாம்.

ஷெட்லாந்து சுமார் நூறு தீவுகளின் கூட்டம். அவற்றுள் மக்கள் வாழ்பவை சிலவே. மரம் அரிது, காற்று ஓயாது. அங்குள்ள செம்மறியாடு உருவிற் சிறியது. அதன் மயிரோ மிக மென்மையானது. வெண்மை மட்டுமன்றிச் செம்பழுப்பு, சாம்பல், கருமை எனச் சாயமின்றியே பல நிறங்கள் அதில் உண்டு. முற்காலத்தில் கத்தரிக்கோல் இன்றிக் கையாலேயே மயிரைப் பறித்தெடுப்பார்கள். அன்ஸ்ட் என்னும் வடதீவில் பின்னப்படும் மெல்லிய சால்வைகளை ஒரு மோதிரத்தின் வழியே இழுத்துவிடலாம். மஸ்லின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்பன்று. எனினும் தறியில்லாமல் இரண்டு ஊசியால் இது நடக்கிறது என்பதை நினைக்க வேண்டும்.

லெர்விக்கில் ஜேமிசன் அண்ட் ஸ்மித் என்னும் கம்பளி வணிக நிறுவனம் இருக்கிறது. தீவுகளில் உள்ள நூற்றுக்கணக்கான சிறு குடியானவர்களிடமிருந்து ஆட்டுமயிரை வாங்கித் தரம் பிரித்து நூலாக்கி விற்பது அதன் தொழில். ஒரு பக்கம் பறித்த மயிர் மூட்டை மூட்டையாக. மறுபக்கம் அதே மயிர் நூலாகித் தட்டுகளில் நிறம் நிறமாக. விளைவித்தவன் சரக்கும் வாங்குபவள் கையும் ஓரிடத்தில் சந்திப்பதைப் பருத்தி விளைவிக்கும் நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். இத்தீவுகளின் கம்பளிக்கு 2011-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பும் கிடைத்தது. 2010-ஆம் ஆண்டு முதல் அங்கே கம்பளி வார விழாவும் நடைபெற்று வருகிறது. பின்னல்காரர்கள் பல நாடுகளிலிருந்து வருகின்றனர்.

சனிக்கிழமை பிற்பகல் நால்வரும் அவ்வூர் அருங்காட்சியகத்தைக் கண்டனர். பழங்காலப் பெண்கள் இடுப்பில் கட்டிய தோற்பட்டையைப் பற்றி அம்மையார் வெகுவாகப் புகழ்ந்தார். குதிரைமயிர் அடைத்த சிறு திண்டு, அதில் துளைகள். ஊசியின் ஒரு முனையைத் துளையில் ஊன்றிவிட்டால் கைக்குச் சுமை குறையும், நடந்துகொண்டே பின்னலாம். முதுகில் எரிபொருட் கூடை, கையில் பின்னல், இப்படியே பெண்கள் மேட்டு நிலத்திலிருந்து வீடு திரும்பினர்.

இவ்வளவு உழைத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? காசு அன்று. சால்வையையும் காலுறையையும் வாங்கிக்கொண்ட வணிகர், பதிலுக்குத் தம் கடைச் சரக்கையே தந்தார்: தேயிலை, சீட்டித் துணி, இவை போன்றவை. வீட்டில் மாவு இல்லை என்று அழுதாலும் கையில் வருவது தேயிலைதான். அதை அண்டை வீட்டில் கொடுத்து மாவு பெற வேண்டும். சில சமயம் சரக்கும் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு மட்டும். அச்சீட்டு அக்கடையில்தான் செல்லும். பிரிட்டிஷ் அரசு 1872-இல் வில்லியம் குத்ரி என்னும் ஆணையரை அனுப்பி விசாரித்தது. பின்னல் வேலை செய்யும் பெண்கள் பலர் அவர் முன் சாட்சி சொன்னார்கள். சட்டமும் பின்னர் திருத்தப்பட்டது. ஆயினும் பண்டமாற்று அங்கே 20-ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் நீடித்தது. பாவும் ஊடையும் தானே கொடுத்து, கூலியைத் தன் மளிகைக் கடைக் கணக்கில் கழித்த முதலாளிகளை நம் முதிய நெசவாளர்கள் அறிவார்கள். கடல் கடந்த ஊரின் கதையாக அவர்களுக்கு இது தோன்றாது.

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். தோழியருள் ஒருவர், சனிக்கிழமை வேறொரு கடையில், மேற்சட்டை ஒன்று பின்னுவதற்காக நீல நூல் உருண்டைகள் பன்னிரண்டு வாங்கினார். ஒவ்வொன்றும் 25 கிராம். ஞாயிற்றுக்கிழமை மழை, கடைகள் மூடியிருந்தன, தங்கிய விடுதியில் சன்னலோரம் அமர்ந்து பின்னத் தொடங்கினார்கள். பகல் வெளிச்சத்தில் உருண்டைகளை வரிசையாக வைத்தபோதுதான், எட்டு ஒரு நீலமாகவும் நான்கு சற்றே வேறு நீலமாகவும் தெரிந்தன. உருண்டை ஒவ்வொன்றின் மேலும் சுற்றிய காகிதத்தில் நிறத்தின் எண் மட்டுமன்றி, அது எந்தத் தொட்டியில் எந்தத் தடவை சாயமேறியது என்பதற்கான எண்ணும் அச்சிட்டிருக்கும். நிற எண் ஒன்றே. தொட்டி எண் இரண்டு. கடைக்காரரைக் குறை கூற வழியில்லை. அச்சிட்டிருந்ததைப் படிக்காமல் வாங்கியது இவர்தாம். மாலையில் கப்பல்!

நான்கையும் கைப்பகுதிக்கு வைத்துவிடலாம் என்றார் ஒருவர். தொங்கும் கை உடம்பின் பக்கத்திலேயே இருக்கிறது, வேற்றுமை பளிச்செனத் தெரியும் என்று மூத்தவர் மறுத்தார். முடிவில், உடம்புக்கும் கைக்கும் எட்டு. கழுத்து, மணிக்கட்டு, அடிவிளிம்பு, பைகள் ஆகியவற்றுக்கு நான்கு என்று வகுத்தனர். விளிம்புகளில் பின்னலின் வகையே வேறாதலால் ஒளி வேறு விதமாகப் படும், கண் ஏமாறும். இரண்டு நூலும் சந்திக்கும் இடத்தில் இரண்டு வரி இதில், இரண்டு வரி அதில் என மாற்றி மாற்றிப் பின்னினால் எல்லை மறையும். இரண்டு நாடாவை மாற்றி ஓட்டும் நெசவாளிக்கு இது தெரிந்த வித்தைதான்.

இதைக் கேட்ட மாத்திரத்தில் எமக்கு ஒரு சங்கம் நினைவுக்கு வந்தது. பெயர் வேண்டா. அங்கே அரக்கு நிறச் சேலை நெய்த அங்கத்தினர் ஒருவரின் கூலியில் பிடித்தம் செய்திருந்தார்கள். சேலையின் நடுவே ஊடை நிறம் மாறி ஒரு பட்டை விழுந்திருந்தது என்பது குற்றம். "சங்கம் கொடுத்த நூலைத்தானே ஓட்டினேன்?" என்று அவர் கேட்டார். நூல் வழங்கு புத்தகத்தைப் புரட்டினோம். நூலின் நம்பர், நிறம், எடை, தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. எந்தச் சாயத்தொட்டி என்பதற்கு இடமே இல்லை. சிட்டத்துக்கு 840 கெஜம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கும் நாமும் அதுவரை இதைக் கேட்டதில்லை. தவறில் எமக்கும் பங்குண்டு. நிறம் ஒன்றே என்று எழுதப்பட்ட நூல் இரண்டு முறை சாயமேறியது என்பதை நிரூபிக்க அந்த மனிதரிடம் ஒரு சான்றும் இல்லை. மிச்சமிருந்த தார்களை வெயிலில் வைத்துப் பார்த்த பிறகுதான் நிர்வாகக் குழு இசைந்தது. பிடித்த கூலி திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதம் அவர் வீட்டில் எப்படிக் கழிந்தது என்று எந்தப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

அம்மையார் நினைவுப் பொருளாக எமக்கு ஒரு நூலுருண்டை தந்தார். காகிதத்துடன் அதை எடுத்துக்கொண்டு அதே சங்கத்தின் சாயப்பட்டறைக்குச் சென்றோம். பட்டறைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணைப் பார்த்தார்; நூலை முறுக்கிப் பார்த்தார்; முகர்ந்தும் பார்த்தார்.

"நல்ல ஏற்பாடுதான், ஐயா. ஆனால் இப்படி எண் போட்டுவிட்டால், தவறு யார் தொட்டியில் என்று தெரிந்துபோகுமே!" என்றார்.

அதற்காகத்தான் என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, காய்ந்துகொண்டிருந்த சிட்டங்களில் கட்டும் துண்டுத் துணி நனைந்தாலும் அழியாதபடி எந்த மையால் எழுதலாம் என்று கேட்டார்.