உப்பளத்தில் வேலை நின்றால்

ஐப்பசி மழை இறங்கியதும் உப்பூர், திருப்பாலைக்குடிப் பக்கத்து உப்பளங்களில் பாத்தியெல்லாம் குளமாகிவிடும். அதன்பின் மாதக்கணக்கில் கூலி கிடையாது. அந்த அக்டோபர்–டிசம்பர் மாதங்களுக்காக 2022 முதல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அவசியமான திட்டம்தான். ஆனால் 92 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 54 ரூபாய்தான் வருகிறது. மீனவக் குடும்பத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்கு 8,000 ரூபாய்.

இரண்டுமே காலண்டர் பார்த்து வரும் பணம். மழை காலண்டர் பார்ப்பதில்லை. மே மாதத்தில் ஒரு கோடைமழை கொட்டினால் வாராத உப்பு கரைந்துபோகும். தண்ணீரை இறைத்து, சேற்றை அள்ளி, பாத்தியை மிதித்து இறுக்கி, மறுபடி உப்பு விளைய வாரக்கணக்காகும். மழைக்கால நிவாரணம் அந்த வாரங்களை எட்டாது.

வேலையில்லாக் காலம் நீண்டால் உதவியும் நீள வேண்டும். அமெரிக்காவில் வேலையின்மை வரம்பு மீறினால் வழக்கமான 26 வாரத்துக்கு மேல் 13 வாரம் கூடுதலாகக் கொடுக்க 1970-லேயே சட்டம் வந்தது. இங்கேயும் 2020-ல் கொரோனாவின்போது வேலையிழந்த இ.எஸ்.ஐ. உறுப்பினர்களுக்கான உதவி சராசரிக் கூலியில் 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது, 90 நாள் வரை. உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை ஏது? ஆகவே மழை, புயல் கணக்கைப் பார்த்து நிவாரண நாளைக் கூட்ட அரசு விதி செய்ய வேண்டும்.

அதுவரை கையிலிருக்கும் உரிமையை விடக்கூடாது. நூறு நாள் வேலைச் சட்டத்தில் வேலை கேட்ட 15 நாளுக்குள் தராவிட்டால் வேலையின்மைப் படி உண்டு: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு. அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 125 நாள் சட்டமும் இந்தப் படியை விடவில்லை. ஆனால் "வேலை இருந்தா சொல்றோம்மா" என்ற பதிலோடு வீடு திரும்பினால், கேட்டதற்குச் சாட்சி இல்லை. மனுவை எழுதிக் கொடுங்கள்; தேதி போட்ட ரசீது இல்லாமல் ஊராட்சி அலுவலகத்தை விட்டு நகராதீர்கள். மறுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், மாவட்டக் குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்யலாம்.

குத்தகைதாரரின் பேரேட்டில் பலருக்குப் பெயரே இருக்காது. 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் அட்டையில் தேதி முடிந்துவிட்டதா என்று அடுத்த மழைக்கு முன்னே பாருங்கள்.