சிற்றுயிர் உலகம் – 17: பூவுக்கும் பூவுக்கும் நடுவே

பிரிட்டனில் காட்டுப்பூக்கள் செழித்திருந்த புல்வெளிகளில் 97 சதவீதம் 1930களுக்குப் பிறகு அழிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பஞ்சத்துக்கு அஞ்சி பழைய புல்வெளிகளை உழுது பயிரிட்டார்கள். போருக்குப் பின் மலிவான தழைச்சத்து உரம் வந்தது. கோடைக் கடைசியில் ஒரே ஒரு தடவை புல்லறுத்துக் காயவைத்த பண்ணைகள், வீரியப் புல்லை விதைத்து ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை அறுத்து, ஊறுகாய்ப்புல்லாகப் பதப்படுத்தத் தொடங்கின. செடி பூத்து விதை முற்றுவதற்குள் அடுத்த அறுப்பு வந்துவிடும். இப்படி ஒரு தலைமுறைக்குள் பூக்கள் போயின. அவற்றை நம்பியிருந்த தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளும் கூடவே குறைந்தன.

மிஞ்சிய புல்வெளிகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. பெரிய பம்பிள் தேனீ கூட்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் போய் இரைதேடி வரும். தனித்து வாழும் சிறு தேனீக்கள் பலவற்றுக்குச் சில நூறு மீட்டரே எல்லை. இடையில் கோதுமை வயலோ உரமிட்ட பசும்புல்லோ வந்துவிட்டால், அடுத்த பூந்திடல் அவற்றைப் பொறுத்தவரை இல்லாத இடம்தான். கீச்சுக்குரலில் ரீங்கரிக்கும் ‘ஷ்ரில் கார்டர்’ என்ற பம்பிள் தேனீயின் கதை இதுதான். தெற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு காலத்தில் பரவலாக இருந்த அந்த இனம், இப்போது தேம்ஸ் முகத்துவாரம், சாமர்செட், தென் வேல்ஸின் மூன்று பகுதிகள் ஆகியவற்றில் மட்டும் ஒண்டியிருக்கிறது. அதன் ராணி வசந்தத்தின் பிற்பகுதியில்தான் வெளியே வரும். கூடு செப்டம்பர் வரை நீடிக்கும். அத்தனை மாதமும் பறக்கும் தூரத்துக்குள் ஏதாவதொரு பூ இருந்தாக வேண்டும்.

துண்டுபட்ட நிலத்தில் ஓர் இனம் எப்படிப் பிழைக்கிறது என்பதைப் பின்லாந்து அறிவியலாளர் இல்கா ஹன்ஸ்கி, ஓலாந்து தீவுகளில் தெளிவாகக் காட்டினார். அங்கே கிளான்வில் ஃபிரிட்டிலரி வண்ணத்துப்பூச்சிக்கு ஏற்ற சுமார் 4,000 சிறு புல்வெளிகளில் ஒரு பகுதியில் மட்டுமே அது வாழ்கிறது. ஆண்டுதோறும் சில திடல்களில் அது பூண்டோடு அற்றுப்போகும். அக்கம்பக்கத்துத் திடலிலிருந்து தாய்ப்பூச்சி வந்து முட்டையிட்டால் அங்கே மறுபடி தழைக்கும். அக்கம்பக்கம் என்று ஒன்று இல்லாவிட்டால் அற்றது அற்றதுதான். ஆகவே ஒரு திடலுக்கு வேலிபோட்டுக் காப்பது மட்டும் போதாது. ஜெர்மனியின் 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வும் இந்தக் கவலையைக் கூட்டுகிறது.

இதற்கு விடையாக ‘பக்லைஃப்’ என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளை வரைந்ததே ‘பி-லைன்ஸ்’. மிஞ்சிய நல்ல புல்வெளிகளை இணைத்து, நாட்டின் குறுக்கும் நெடுக்குமாக மூன்று கிலோமீட்டர் அகலப் பட்டைகளை வரைபடத்தில் குறித்தார்கள். யார்க்‌ஷயரில் தொடங்கிய வேலை, 2021இல் இங்கிலாந்து முழுமைக்கும் எட்டியது. பட்டை முழுவதையும் பூக்காடாக்குவது நோக்கமல்ல. அதற்குள் வயல் ஓரம், கல்லறைத் தோட்டம், ரயில்பாதைச் சரிவு, பள்ளி மைதானம் என்று ஆங்காங்கே பூந்திடல்கள் அமைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பூச்சி தாவிப் போக முடிந்தால் சரி. மொத்தம் 1,50,000 ஹெக்டேர் என்பது இலக்கு. எவரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் இதற்குப் பின்னால் இல்லை. திட்டம் நில உரிமையாளர்களின் மனத்தையே நம்பியிருக்கிறது.

மனம் இருந்தாலும் மண் ஒத்துழைக்க வேண்டும். காட்டுப்பூக்களுக்கு வேண்டியது மெலிந்த மண். வளமான நிலத்தில் விதை தூவினால் முதல் ஆண்டு கண்கொள்ளாத காட்சி கிடைக்கும். பிறகு முரட்டுப் புல் எழும்பிப் பூச்செடிகளை அமுக்கிவிடும். அதனால் ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் புல்லை அங்கேயே மக்கவிடாமல் வாரி எடுத்துவிட வேண்டும். ‘யெல்லோ ராட்டில்’ என்ற மஞ்சள் பூச்செடி இங்கே பெருந்துணை. அது தன் வேரைப் புல்லின் வேருக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். புல் தளர, மற்றப் பூக்களுக்கு இடம் கிடைக்கும். அதன் விதையை இலையுதிர் காலத்திலேயே தூவ வேண்டும். குளிர்காலக் குளிர் படாத விதை முளைக்காது. ஓராண்டுச் செடியாதலால், விதை உதிருமுன் அறுத்துவிட்டால் மறு ஆண்டு அது இருக்காது.

டார்செட்டில் 2011இல் திறக்கப்பட்ட வெய்மத் சாலை மெலிந்த மண்ணின் பயனுக்கு மிக நல்ல சான்று. சாலைக்காகக் குடைந்த வெண்சுண்ணப் பாறைச் சரிவுகளில் வழக்கம்போல் மேல்மண்ணைக் கனமாகப் பரப்பாமல், கிட்டத்தட்ட வெறும் பாறையிலேயே காட்டுப்பூ விதைகளைத் தூவினார்கள். ‘கிட்னி வெட்ச்’ என்ற செடி பிடித்துக்கொண்டது. அதன் பூவை மட்டுமே தின்று வளரும் புழுவைக் கொண்ட ‘ஸ்மால் புளூ’ வண்ணத்துப்பூச்சி தானே வந்து குடியேறியது. பிரிட்டனின் வண்ணத்துப்பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதி இன்று அந்தச் சாலையோரத்தில் காணக் கிடைக்கிறது. புல் அடர்ந்து வளராததால் வெட்டும் செலவும் மிச்சம்.

பூ மட்டும் எல்லாப் பூச்சிகளுக்கும் போதாது. ‘லார்ஜ் புளூ’ வண்ணத்துப்பூச்சியின் புழு முதல் சில வாரங்கள் தைம் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழுந்து, ஒருவகைச் சிவப்பெறும்பு தன்னைக் கூட்டுக்குத் தூக்கிப் போகும்படி செய்துகொள்ளும். மண்ணுக்கடியில் எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளரும். கால்நடை மேய்ச்சல் நின்று புல் உயர்ந்ததும் தரை குளிர்ந்தது. வெயில் சூடு வேண்டிய அந்த எறும்பு ஒழிந்தது. தைம் பூத்திருந்தும் 1979இல் வண்ணத்துப்பூச்சி பிரிட்டனிலிருந்து மறைந்தது. ஆய்வாளர் ஜெரமி தாமஸ் இந்த உறவைக் கண்டறிந்த பிறகு, 1983இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்ட பூச்சிகள் நிலைத்தன.

எனவே பூந்திடல் என்றால் மேய்ந்து குட்டையான புல், கூடு தோண்ட வெற்று மண், குளிர்காலத்தில் ஒளிந்துகொள்ள அறுக்காமல் விட்ட காய்ந்த தண்டுகள் எல்லாம் சேர்ந்ததுதான். ஒரே நாளில் முழுத் திடலையும் அறுத்தால் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் அதோடு போய்விடும். பகுதி பகுதியாக, ஆண்டுக்கு ஒரு மூலையை விட்டுவைத்து அறுப்பதே முறை. விதையும் அந்த வட்டாரத்துப் பழைய புல்வெளியில் எடுத்ததாக இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லி தெளிக்கும் வயலை ஒட்டிய குறுகலான பூவரிசையில் மருந்துச் சாரல் விழும் என்பதால், திடலுக்கும் வயலுக்கும் நடுவே மருந்தடிக்காத இடைவெளி விடுவதும் அவசியம்.