ஆலிஸ் கடித்த காளான்... போதையா, பருவமா?

முயல் வளைக்குள் விழுந்து அதிசய உலகத்துக்குப் போகும் ஆலிஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பாட்டிலில் இருப்பதைக் குடித்ததும் பத்து அங்குலமாகச் சுருங்கிவிடுகிறாள். கேக்கைத் தின்றதும் ஒன்பது அடிக்கு மேல் வளர்கிறாள். காளான்மேல் உட்கார்ந்து ஹூக்கா இழுக்கும் கம்பளிப்பூச்சியோ, 'இந்தக் காளானின் ஒரு பக்கம் வளர்க்கும், மறுபக்கம் சுருக்கும்' என்று யோசனை சொல்கிறது. குழந்தைகள் கதையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதா?

1960-களில் எல்.எஸ்.டி மோகத்தில் இருந்த அமெரிக்க இளைஞர்கள், இதைப் போதைக் கதையாகவே வாசித்தார்கள். 1967-ல் ஜெஃபர்சன் ஏர்பிளேன் இசைக்குழு 'ஒயிட் ராபிட்' என்று ஒரு பாட்டே போட்டது. ஆனால், கணக்கு உதைக்கிறது. லூயிஸ் கரோலின் நாவல் வெளியானது 1865-ல். எல்.எஸ்.டி-யின் போதை தெரியவந்ததோ 1943-ல்! அன்றைய இங்கிலாந்தில் அபின் கலந்த மருந்துகள் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்தன என்பது நிஜம். ஆனால், கரோல் போதையில் எழுதினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த அவர், 1862 ஜூலை 4 அன்று படகில் போகும்போது மூன்று சிறுமிகளுக்குச் சொன்ன கதை இது.

மருத்துவர்களையும் ஆலிஸ் விட்டுவைக்கவில்லை. தன் உடல் பெரிதாவது போலவோ, சிறிதாவது போலவோ உணரும் ஒரு நிலைக்கு 1955-ல் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார், மனநல மருத்துவர் ஜான் டாட். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், சில தொற்றுகளின்போது குழந்தைகளுக்கும் இது வருவதுண்டு.

ஆனால், கதைக்குள்ளேயே ஒரு துப்பு இருக்கிறது. 'நீ யார்?' என்று கம்பளிப்பூச்சி கேட்கும்போது ஆலிஸால் பதில் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து எத்தனையோ முறை மாறிவிட்ட அவளுக்கு, தான் யாரென்றே குழப்பம். கேட்பது யார் பாருங்கள்... நாளைக்குக் கூடு கட்டி, பட்டாம்பூச்சியாக மாறப்போகிற ஒரு புழு! மாற்றம் அதற்கு இயல்பு. ஏழு வயதுச் சிறுமிக்கோ திகில்.

முக்கியமான துப்பு கடைசியில் வருகிறது. நீதிமன்றக் காட்சியில் ஆலிஸ் மறுபடியும் வளர்கிறாள். இந்த முறை பாட்டிலும் இல்லை, கேக்கும் இல்லை, காளானும் இல்லை. தானாகவே வளர்கிறாள். அதுவரை மிரட்டிக்கொண்டிருந்த ராணியும் பரிவாரமும் வெறும் சீட்டுக்கட்டு என்று அப்போது அவள் உரக்கவே சொல்லிவிடுகிறாள். போதை என்றால், உள்ளே ஏதாவது போனால்தானே ஏறும்? இது வளர்வதன் கதை.

திடீரென்று குரல் உடைந்த பையனும், போன வருஷத்துச் சுடிதார் பத்தாமல் கண்ணாடி முன் நிற்கும் பெண்ணும் ஆலிஸ்தான். 'ஏன் இப்படி மாறிட்டே?' என்று நாம் அதட்டும்போது, அந்தக் கேள்விக்கு அவர்களும்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்!